பிழையில்லாத கடிதம்

மகளின் கடிதத்தில் ஒரு பிழைகூட இல்லை.

ஓய்வுபெற்ற ஆங்கில வாத்தியார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி முதல் வரியிலிருந்து வந்தார். மூடி திறந்த சிவப்புப் பேனா விரலிடுக்கில் காய்ந்துகொண்டிருந்தது.

தன் பேச்சை மீறிக் கல்யாணம் செய்துகொண்டு போனவளுக்கு இனி ஒரு வரி எழுத மாட்டேன் என்று பத்து வருஷத்துக்கு முன்னால் நாலு பேர் மத்தியில் சொன்னவர். சொன்னால் சொன்னதுதான்.

ஆனால் அவர் பெற்ற பெண் தப்பும் தவறுமாக ஆங்கிலம் எழுதினால், அதுவும் குடும்பத்துக்குத் தலைகுனிவு அல்லவா?

ஆகவே அவள் எழுதிய ஒவ்வொரு கடிதமும் திருத்தப்பட்டு அவளுக்கே திரும்பிப் போனது. விளிப்பு இல்லை, கையெழுத்து இல்லை. சிவப்பு மை மட்டும். திருத்துவது பதில் எழுதுவதாகாது. அது தொழில்.

அவள் சறுக்குவது எப்போதும் ஒரே இடத்தில்தான். செய்து முடித்ததை எண்ணிச் சொல்ல 'ஹேவ் ரிட்டன்'. இன்னும் விடாமல் தொடர்வதற்கு 'ஹேவ் பீன் ரைட்டிங்'. எட்டாம் வகுப்பிலேயே இதெல்லாம் தண்ணீர்பட்ட பாடாக இருந்தவள், கடிதத்துக்குக் கடிதம் இரண்டையும் மாற்றிப் போட்டாள்.

ஏன் என்று அவர் யோசித்ததில்லை. யோசித்தால் எங்கே போய் முடியும் என்று அவருக்குத் தெரியும்.

இன்று எல்லாம் சரி. 'உங்களுக்கு நாற்பது கடிதங்கள் எழுதியிருக்கிறேன். நாளை இந்த வீட்டைக் காலி செய்கிறோம்.' முதல் வாக்கியத்தில் 'ஹேவ் ரிட்டன்' அச்சடித்தாற்போல் நின்றது.

திருத்த ஒன்றுமில்லை என்றால் திருப்பி அனுப்பவும் ஒன்றுமில்லை.

சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "ஏங்க, எத்தனை தப்பு? இந்தத் தடவையாவது பாஸா, இல்ல வழக்கம்போல ஃபெயிலா?"

முப்பத்தைந்து வருஷப் பணியில் சரியான விடையை அவர் பேனா அடித்ததில்லை. தலைமையாசிரியர் வீட்டுப் பிள்ளைக்குக்கூட அரை மதிப்பெண் கூட்டவோ குறைக்கவோ செய்யாத கை.

அந்தக் கை 'ஹேவ் ரிட்டன்' மேல் கோடு கிழித்தது. அதற்கு மேலே 'ஹேவ் பீன் ரைட்டிங்' என்று எழுதியது.

"ஒண்ணு" என்றார்.

"ஒண்ணுதானா! அப்போ தேறிட்டா உங்க பொண்ணு. குடுங்க, கடைக்குப் போற வழியில தபால்ல போட்டுடறேன்."

அவர் புது உறை ஒன்றை எடுத்து மகள் பெயரை எழுதினார். புது வீட்டு விலாசத்துக்காக, அவளிடமிருந்து வந்த உறையைத் திருப்பினார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. கடிதத்தின் மேல் மூலையைப் பார்த்தார். அங்கே தேதி மட்டும்.

மூன்று முறை வாசித்திருந்தார். பிழை தேடிய கண்ணில் விலாசம் இல்லாதது படவே இல்லை.

வாசலில் மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு, கையை நீட்டியபடி நின்றாள்.