விட்டுப்போன பேர்

"அம்மாக்கண்ணு."

"இருக்கேன் ஐயா."

காலை ஆறரை மணிக்கு லயத்து வீட்டு வரிசைக்குக் கீழே கேட்ட அந்தப் பதிலில்தான் கிருஷாந்திக்குச் சுருக்கென்றது. கல்யாணமாகி மஸ்கெலியாவுக்குப் பக்கத்துத் தோட்டத்துக்கு அவள் வந்து நாலு நாள்தான் ஆகிறது. பதில் சொன்னது அவளுடைய மாமியார்.

எட்டிப் பார்த்தாள். காலையில் பேர் கூப்பிட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் பழைய பெரட்டுக் களத்தில் ஏழு பொம்பளைகள் வரிசையாக நின்றார்கள். கொழுந்து பறிப்பதை விட்டு வருஷக் கணக்கானவர்கள். எதிரே கோட்டும் கம்புமாகச் சோலைமலைக் கங்காணி. அவரும் ஓய்வு வாங்கிப் பத்து வருஷமாச்சு. ஆனாலும் மலைக்கு ஆள் அனுப்புகிற தோரணையில் ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மாமியார் மேலே ஏறி வந்ததும் கிருஷாந்தி பிடித்துக்கொண்டாள்.

"என்ன அத்தை இது? வேலையும் இல்ல, சம்பளமும் இல்ல. அந்த ஆளு கூப்பிட்டா ஓடிப்போய் நிக்கிறீங்க?"

"தெனமும் நடக்கிறதுதான் புள்ள. தேத்தண்ணி குடிச்சியா?"

"உங்க மகன் வயித்துல இருக்கையில, மழையில பத்து நிமிஷம் பிந்திட்டீங்கன்னு திருப்பி அனுப்பின ஆளு இவருதானே? உங்க மகன்தான் சொன்னாரு."

"ஆமா. இவரேதான்."

இதைச் சொல்லும்போதுகூட மாமியார் முகத்தில் கோபம் எட்டிப் பார்க்காததுதான் கிருஷாந்திக்கு ஆத்திரம். தலவாக்கலையில் அவள் அம்மாவும் கொழுந்து பறித்தவள்தான். எவன் முன்னாலும் கைகட்டி நிற்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லியே மகளை டீச்சர் ஆக்கியவள்.

"நாளைக்கு நானே வர்றேன். நல்லா நாலு கேள்வி கேக்கிறேன். இந்தப் பெரட்டு நாளையோட சரி."

அம்மாக்கண்ணு சிரித்தாள். "வா. ஆனா கடைசிப் பேரு வரைக்கும் பேசாம நில்லு. அப்புறம் என்ன வேணாலும் கேளு."

மறுநாள் கிருஷாந்தி போனாள். நாலு கேள்வியையும் வரிசைப்படுத்தி வைத்துக்கொண்டுதான் போனாள்.

"ஜெயலெட்சுமி."

"இருக்கேன் ஐயா."

அடுத்த பேரில் கங்காணி நின்றுவிட்டார். எதிரே நின்றவளையே பார்த்தார். கம்பைக் கை மாற்றினார். எடுத்துக் கொடுக்க ஒரு நொடி ஆகாது. ஆனால் யாருமே பேரைச் சொல்லவில்லை.

"மேட்டு லயத்துக்காரி," என்றாள் அம்மாக்கண்ணு மெதுவாக. "மலையில நின்னு பாட்டுப் பாடுவா. நீங்ககூட ஏசுவீங்க. யோசிங்க."

"அழகம்மா."

"இருக்கேன் ஐயா."

பரீட்சையில் பாஸான பிள்ளைபோல அவர் முகம் மலர்ந்தது.

கிருஷாந்தி மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள்.

"ரெண்டு வருஷமா மறதி," என்று அம்மாக்கண்ணு அவள் காதோடு சொன்னாள். "நடக்க விடுங்க, நாலு பேரோட பழக விடுங்க, தெரிஞ்சத அவரே யோசிச்சு சொல்லட்டும்னு கிளினிக்ல நர்ஸம்மா சொன்னாங்க. அவருக்கு நல்லாத் தெரிஞ்சது எங்க பேருதான். அதான் நாங்களே பெரட்டு வச்சிட்டோம். எங்களுக்கும் நல்லதுதான். இல்லாட்டி மூலையில மொடங்கிக் கெடப்போம்."

"உங்களத் திருப்பி அனுப்பினவரு அத்தை."

"எனக்கு ஞாபகம் இருக்கு புள்ள. அவருக்குத்தான் இல்ல. அவருகிட்ட நான் என்னத்தச் சண்டை போட?"

ஏழு பேரும் முடிந்தது. கங்காணி கிளம்பத் திரும்பினார்.

"நில்லுங்க."

அதட்டியது அம்மாக்கண்ணு. அந்தக் காலத்துக் கங்காணியின் அதே அதட்டல்.

"ஒரு பேரு விட்டுப் போச்சு."

பேர் கூப்பிடுகிறவர்தான் அவர், பெரட்டை நடத்துகிறவள் தன் மாமியார் என்பது அப்போதுதான் கிருஷாந்திக்கு உறைத்தது. பெருமையில் அவள் கழுத்து தானாக நிமிர்ந்தது. கேட்க வந்த நாலு கேள்வியில் ஒன்றுகூட நினைவில்லை.

கங்காணி வரிசையை ஒரு தடவை பார்த்தார். விரல் விட்டு எண்ணினார். புதிதாக நின்ற கிருஷாந்தியைப் பார்த்துத் தலையசைத்தார், இவள் இல்லை என்று.

"யாரு விட்டுப் போச்சு?"

"நீங்கதான் சொல்லணும்."

கீழே ரோட்டில் கிருஷாந்தி பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டிய பஸ் ஹார்ன் அடித்துவிட்டுப் போனது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கங்காணியின் கை மெல்ல எழுந்து அவர் நெஞ்சைத் தொட்டது.

"சோ... சோலைமலை."

"இருக்காரு," என்று ஏழு பேரும் ஒன்றாகச் சொன்னார்கள்.

எட்டாவதாகச் சொன்னது கிருஷாந்தி.