கோபம் போதவில்லை

“நேத்து அடிச்சது அடிக்கா. பிஷ்கேக் ஊரே கிடுகிடுத்துச்சு. இன்னைக்கு என்ன, லக்மான் நூடுல்ஸுக்கு மாவு உருட்டுறாப்பல தடவுறீங்க?” உலான் தலையில் அடித்துக்கொண்டான்.

அவன் குழு பழைய பாணியைத் தூக்கியெறிந்துவிட்டு, ஆளைக் கிறங்கடிக்கும் புது இசைக்குத் தாவியிருந்தது. பாக்திகுல் அக்காவின் தாளம்தான் அதற்கு உயிர். இன்று பதிவு முடியாவிட்டால் இசைவிழாவில் இடம் போய்விடும்.

“கோபம் வரமாட்டேங்குதே தம்பி.”

“ஏன்க்கா?”

“உங்க புதுப் பாட்டு எனக்குப் பிடிச்சுத் தொலைச்சிருச்சு.”

உலான் நொந்துபோய் ஜன்னல் வழியே மேல்மாடியைப் பார்த்துக் கத்தினான்: “டேய், பழைய பாட்டையே வாசிங்கடா. அக்கா அடிக்கிறதை மட்டும் எடுத்து புதுப் பாட்டுல ஒட்டிக்கலாம்.”

மேலே கிதார் அலறியது.

“மனுஷி குடியிருக்கிற வீடாடா இது, நிறுத்துங்கடா” என்று கீழ்வீட்டுப் பாக்திகுல் அக்கா, வீட்டைச் சூடேற்றும் குழாயை இரும்புக் கரண்டியால் வெளுக்கத் தொடங்கினாள்.

உலானுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.