மாவில் வரைந்த இடுப்பு

சாப்பாட்டைக் கண்டு பயப்படுகிறவர்கள் தங்கும் அந்த இல்லத்தில், காலை நேரம் ஓவியத்துக்கானது. “உன்னையே வரைஞ்சு காட்டு, பெருசா” என்று ரெஜினா மேடம் தரையைக் காட்டினார். சங்கவி சாக்பீஸைத் தொடவில்லை. வாசலில் கோலம் போட்டுப் பழகிய கை, வண்ணங்களோடு கிண்ணத்தில் வைத்திருந்த அரிசிமாவை அள்ளியது. அவள் இழுத்த கோட்டுக்குள் அவளைப்போல் மூன்று பேர் படுக்கலாம். இடுப்பில்தான் மாவு கனமாக விழுந்தது. அவளுடைய கோபமெல்லாம் அங்கேதான். பக்கத்தில் உப்புமாத் தட்டு வழக்கம்போல் ஆறிக்கொண்டிருந்தது. சற்று நேரத்தில் எறும்புகள் வந்தன. நேராக இடுப்புக்குத்தான் போயின. ஆளுக்கொரு வெள்ளைத் துணுக்கைத் தூக்கிக்கொண்டு அவை சுவரோரம் நடக்க, கோடு மெலிந்துகொண்டே வந்தது. சங்கவி குப்புறப் படுத்து, கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். “அடடா, படமே போச்சே” என்று மேடம் துடைப்பத்தோடு வந்தார். “வேணாம் மேடம், விடுங்க.” சங்கவி குறுக்கே கை நீட்டினாள். “அதுங்களுக்கும் பசிக்கும்ல.” பிறகு, எறும்புகளை விட்டுக் கண்ணை எடுக்காமலே, நீட்டிய கையால் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள்.