பத்தாம் நம்பர் ஸ்பேனர்

“அந்தப் பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்துக் குடுங்க.”

கேட்டேவிட்டாள்.

ஸ்பேனர் பூஜைத் தட்டில் இருந்தது. சந்தனம், குங்குமம் எல்லாம் வைத்திருந்தார்கள்.

இந்த ஒர்க்ஷாப்பில் ஸ்பேனரைக் கேட்டு வாங்கக் கூடாது. சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்கள். ஆயுத பூஜையன்று முதலாளியே வெற்றிலையில் வைத்துக் கொடுப்பார். வாங்கியவன் மறுநாளிலிருந்து மெக்கானிக்.

இரண்டு பூஜை காத்திருந்தாள். மெக்கானிக்கல் இன்ஜினியரிங். வீட்டில் முதல் பட்டம். முன்மேஜையில் உட்கார்ந்து கஸ்டமர் சொல்லும் குறையை எழுதிக்கொள்வது அவள் வேலை. பூஜை வந்தால் கோலமும்.

முதல் வருடம் ஸ்பேனர் வாங்கியவனுக்கு மேனுவலைப் படித்துச் சொல்வது இன்றுவரை அவள்தான்.

இது மூன்றாவது பூஜை.

முதலாளியின் கார் எலுமிச்சம்பழங்களுக்குப் பின்னால் நின்றது. ராகு காலத்துக்கு முன் பழத்தை நசுக்கிக்கொண்டு நகர வேண்டும். இன்னும் அரை மணி நேரம்.

முதலாளி சாவியைத் திருப்பினார். எஞ்சின் சுற்றியது. ஸ்டார்ட் பிடிக்கவில்லை.

“பேட்டரி வீக்குங்க” என்றார் தலைமை மெக்கானிக் நாச்சிமுத்து.

வேறு பேட்டரி வந்தது. முன்னைவிட வேகமாகச் சுற்றியது.

பிடிக்கவில்லை.

பேட்டரி வீக்காக இருந்தால் எஞ்சின் சுற்றவே சுற்றாது. இருபத்தெட்டு வருட அனுபவத்துக்கு அது தோன்றவில்லை.

“கண்ணு பட்டிருக்குதுங்க. ஒருக்கா சுத்திப் போட்டரலாம்.”

கற்பூரத்தைக் கொளுத்தினார்கள்.

அவள் புடவையைச் செருகிக்கொண்டு சைலன்சர் பக்கம் குனிந்தாள். மூக்கைத் துளைத்தது பெட்ரோல்.

“நெருப்ப அந்தப் பக்கம் கொண்டு போங்க.”

பெட்ரோல் வருகிறது. எரியத்தான் இல்லை. ஸ்பார்க் பிளக்கில் பொறி விழவில்லை.

நேற்று மாலை நாச்சிமுத்து பூஜைக்காக எஞ்சினையே பிரஷர் பம்பால் குளிப்பாட்டினார். வேண்டாம் என்று அவள் சொன்னாள். சாமி காரியத்தில் குறுக்கே பேசாதே என்றார்.

அந்தத் தண்ணீர் நினைவுக்கு வந்ததும்தான் இப்போது ஸ்பேனரைக் கேட்டாள்.

யாரும் அசையவில்லை.

“பூஜைல வெச்சத இன்னிக்குத் தொடப்படாது அம்மணி” என்றார் நாச்சிமுத்து, குழந்தைக்குச் சொல்வதுபோல.

அவளே எடுத்துக்கொண்டாள்.

நான்கு போல்ட். பிளக்குக்குப் பொறி கொடுக்கும் நான்கு காயில். ஒவ்வொன்றின் அடியிலும், பிளக் உட்காரும் குழியில், தண்ணீர். சோப்பு வாசனைகூடப் போகவில்லை.

பூஜைக்குப் பூமாலை போட்டிருந்த காற்றுக் கம்ப்ரஸரை அப்படியே ஓடவிட்டாள். காற்றடித்து உலர்த்தினாள். பிளக்குகளைக் கழற்றித் துடைத்தாள். திருப்பி மாட்டினாள்.

“ஆக்ஸிலேட்டர முழுசா மிதிச்சுட்டுச் சாவியத் திருப்புங்க.”

முதலாளி மிதித்தார். வேறு வழியில்லை.

எஞ்சின் இருமியது. இன்னொரு முறை. பிறகு பிடித்துக்கொண்டது.

ராகு காலத்துக்கு இரண்டு நிமிடம் முன்பு பழங்கள் நசுங்கின. கைதட்டினார்கள். வாசலில் பொரிக்குக் காத்திருந்த கஸ்டமர்களும் தட்டினார்கள். யாரோ நாச்சிமுத்துவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் குலுக்க விட்டார்.

முதலாளி இறங்கி வந்தார். ஸ்பேனரைத் துடைத்தார். வெற்றிலையில் வைத்தார்.

அவளிடம் நீட்டினார்.

“இந்தா அம்மணி. கேட்டு வாங்குன மொத ஆளு நீதான்.”

சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“வெளிய ஆராச்சும் கேட்டா நாச்சிமுத்து அண்ணன் பாத்ததுன்னு சொல்லிரு. பொம்பளப் புள்ள கை வெச்சான்னு தெரிஞ்சா ஒருத்தனும் வண்டிய இங்க உட மாட்டான்.”

“நாஞ் சொல்லச் சொல்ல நீ பண்ணுனேன்னு வெச்சுக்கலாம்” என்றார் நாச்சிமுத்து. பெருந்தன்மை.

வெற்றிலையைப் பார்த்தாள். ஸ்பேனரைப் பார்த்தாள். இதற்காகவா இரண்டு வருடம்.

வாங்கவில்லை.

மேஜைக்குப் போனாள். ஒரு ஜாப் கார்டை எடுத்தாள். முதலாளியின் வண்டி எண்ணை எழுதினாள்.

குறை: சுற்றுகிறது, பிடிக்கவில்லை.

காரணம்: பூஜைக்காக எஞ்சினுக்குத் தண்ணீர் அடித்தது.

சரிசெய்தவர் என்ற கட்டத்தில் இதுவரை அவள் எழுதியதெல்லாம் பிறர் பெயர். இப்போது தன் பெயரை எழுதினாள். இனிஷியலோடு. பட்டத்தோடு. கொட்டை எழுத்தில்.

காரின் முன்கண்ணாடியில், வைப்பருக்கு அடியில் செருகினாள். மேஜைச் சாவியை மேஜைமேலேயே விட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள்.

“நாளைக்கு எட்டு மணிக்கே வந்துரு அம்மணி.”

முதலாளி பொரிப் பொட்டலம் கொடுத்துக்கொண்டே சொன்னார். பொட்டலம் வாங்கிக்கொண்ட கஸ்டமர் ஒருவர், காரின் கண்ணாடிப் பக்கம் குனிந்து, அந்தக் கார்டை உதடு அசைய ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக்கொண்டிருந்தார்.

அவள் கேட்டைத் தாண்டியிருந்தாள்.