பேசாத மூன்று புள்ளிகள்

“மூணு புள்ளியும் ஒண்ணோட ஒண்ணு பேசவே மாட்டேங்குதே, வாத்தியாரே.”

லுவோ வாத்தியார் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரியும், அந்த நீலத் தொப்பிக்காரர்தான். இருபது நாளாக இதே பிழைப்பு. ஷியான் நகரத்து மதிலோரப் பூங்காவில், விடிந்ததும் விடியாததுமாக லுவோ நீளக் காம்புத் தூரிகையைத் தண்ணீரில் நனைத்துத் தரைக்கல்லில் எழுத ஆரம்பித்தால் போதும், மனிதர் வெந்நீர்க் குடுவையோடு வந்து நின்றுவிடுவார். நேற்று கோட்டில் எலும்பே இல்லையாம். முந்தாநாள் வளைவு சோம்பேறித்தனமாகப் படுத்துக் கிடந்ததாம்.

எரிச்சல் வராமல் என்ன செய்யும்? அவர் சொன்னது ஒவ்வொன்றும் சரியாக வேறு இருந்து தொலைத்தது.

பத்தடி தள்ளி, லுவோவைப் போலவே தினமும் தண்ணீரில் எழுத வரும் ஃபெங்கும் எழுதிக்கொண்டிருந்தார். அவரிடம் இந்தத் தொப்பிக்காரர் ஒரு நாளாவது ஒரு குறை சொன்னதுண்டா? கிடையாது. எட்டிப் பார்ப்பார், தலையை ஆட்டுவார், நேரே இங்கே வந்துவிடுவார்.

வேறு சமயமாக இருந்தால் லுவோ சட்டை செய்திருக்க மாட்டார். ஆனால் ‘தெளிந்த ஊற்று’ பள்ளியின் வாசலில் புதிதாகப் பெயர்க்கல் நடப்போகிறார்கள். அதில் ஏறப்போவது லுவோவின் எழுத்தா, ஃபெங்கின் எழுத்தா என்று இன்றைக்குச் சொல்லிவிடுவார்கள். முப்பத்திரண்டு வருடம் அதே பள்ளியின் கரும்பலகையில் எழுதியதெல்லாம் டஸ்டரோடு போயிற்று. இங்கே தண்ணீரில் எழுதுவதோ ஐந்து நிமிடத்தில் காய்ந்துவிடுகிறது. தன் கையெழுத்தில் ஒன்றே ஒன்றாவது இந்த ஊரில் நிற்கட்டுமே என்ற ஆசை அவருக்கு நெஞ்சு முட்ட இருந்தது.

தலைமையாசிரியை யாவ் வந்து பக்கத்தில் நின்றார். லுவோ மூச்சைப் பிடித்துக்கொண்டு பள்ளியின் பெயரை மறுபடி எழுதினார். நடைபயிற்சிக்கு வந்தவர்களும் சூழ்ந்துகொண்டார்கள்.

“ரெண்டாவது புள்ளி இப்பத் தேவலை. மூணாவதுதான் மூஞ்சியைத் திருப்பிக்குது” என்றார் தொப்பிக்காரர், எல்லார் காதிலும் விழும்படி.

லுவோவின் பொறுமை அத்தோடு போயிற்று. தூரிகையைத் தரையில் ஊன்றினார்.

“இவ்வளவு தெரிஞ்சவராச்சே, அந்த மூணு புள்ளிக்கு என்ன அர்த்தம்னு சொல்லுங்களேன் பார்க்கலாம். வேணாம், நான் எழுதினதைப் படிச்சாவது காட்டுங்க.”

தொப்பிக்காரர் குடுவையை மூடினார். “எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்லை.”

கூட்டம் சிரித்தது. லுவோவுக்கு உச்சந்தலை வரை சூடேறியது. ‘தெளிந்த’ என்ற சீன எழுத்தின் ஓரத்தில் வரும் அந்த மூன்று புள்ளிகள்தான் தண்ணீரைக் குறிப்பவை. மூன்று சொட்டும் ஒன்றிலிருந்து ஒன்று வழிந்தால்தான் ஊற்று தெளிந்ததாக இருக்கும். அது தெரியாத ஆசாமியிடமா இத்தனை நாள் பாட்டுக் கேட்டோம்! தலைமையாசிரியையிடம் கொட்டித் தீர்த்துவிட்டார். எழுத்தறிவே இல்லாதவர் பேச்சை வைத்துத் தன்னை எடை போட வேண்டாம், கல்லை ஃபெங்குக்கே கொடுத்தாலும் சரி, முதலில் இந்த மனிதரை இங்கிருந்து அனுப்புங்கள் என்றார்.

யாவ் சங்கடத்தோடு நெளிந்தார்.

“அவரை அனுப்ப முடியாதுங்க ஐயா, கல்லைச் செதுக்கப் போறவரே அவர்தான். ஃபெங் எழுத்து வேணாம், செதுக்கினா உங்க எழுத்தைத்தான் செதுக்குவேன்னு முதல் நாளே சொல்லிட்டாரு. உளி இறங்கின பிறகு எதையும் அழிக்க முடியாதேன்னுதான் இருபது நாளா உங்களையே நச்சரிச்சுக்கிட்டு இருக்காரு.”