தூறல், பொழிலன்

உள்ளூரில் யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாதென்று நான்கு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து அந்தப் பால்வினை நோய் மருத்துவமனைக்கு வந்திருந்தான் சிவநேசன். சீட்டு எழுதும் பெண் முகம் பார்க்காமல் சொன்னாள்: "ஏதாவது ஒரு பேர் குடுங்க சார். கூப்பிட்டா எந்திரிக்கணும், அவ்ளோதான்."

"பொழிலன்" என்று வாயில் வந்துவிட்டது. அவனும் மனைவி மங்கையர்க்கரசியும் பிறக்காமலே போன குழந்தைக்கு வைத்திருந்த பெயர். ஆண் என்றால் பொழிலன், பெண் என்றால் தூறல். வேறு யாரிடமும் அவர்கள் சொன்னதில்லை.

கூடத்தில் எல்லோரும் முகக்கவசத்துக்குள் இருந்தார்கள். டாக்டர் அறையின் பச்சைத் திரை, தூங்குகிறவர் வயிறு போல உப்பி உப்பித் தணிந்தது. நர்ஸ் கூப்பிட்டதும் ஒருவரும் எழுவதில்லை. ஒவ்வொரு பெயரும் ஆளில்லாமல் கொஞ்ச நேரம் கூடத்தில் அலைந்துவிட்டு, தன்னைச் சொன்னவரைத் தேடிப்பிடித்து எழுப்பியது.

"தூறல்... தூறல்னு யாரும்மா?"

பெண்கள் வரிசையில் முக்காடு போட்ட ஒருத்தி எழுந்தாள். அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று காலையில் கிளம்பிய மங்கையர்க்கரசி கட்டியிருந்த அதே ஊதாச் சேலை. திரைக்கு முன்னால் நின்று செருப்பைக் கழற்றினாள்.

"அடுத்து பொழிலன், வந்து நில்லுங்க."

அவள் கால் அசையாமல் நின்றது. திரும்பிப் பார்க்கவில்லை. கழற்றிய செருப்பைக் காலாலேயே கொஞ்சம் ஒதுக்கி, பக்கத்தில் இன்னொரு ஜோடிக்கு இடம் விட்டுவிட்டு உள்ளே போனாள்.