பதினாறாம் கடிதம்

"பதினஞ்சு வந்தது, பதினேழு வந்தது, பதினாறு எங்கே சார்?" என்று தபால் அலுவலகமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

கத்தாமல் முடியாது. கவுண்டரில் இருந்த பெரியவர் பழைய பட்டாளத்துக்காரர். குண்டுச் சத்தத்தில் காது பாதி போய்விட்டது. என் வீட்டுக் கதையை வரிசையில் நின்ற இருபது பேரும் சேர்ந்து கேட்டார்கள்.

கேட்கட்டும். கிறிஸ்துமஸுக்கு இன்னும் ஐந்தே நாள்.

என் கணவர் இருக்கும் ராணுவ முகாமில் போனுக்கு அனுமதியில்லை. கடிதம்தான். அதுவும் முன்னால் போட்டது பின்னால் வரும், பின்னால் போட்டது முன்னால் வரும். அதனால்தான் உறையின் பின்பக்கம் எண் போடச் சொன்னேன். நான் பல் மருத்துவமனையில் டோக்கன் கொடுக்கிறவள். பதினைந்துக்கு அப்புறம் பதினேழைக் கூப்பிட்டால், பல்வலியோடு வந்தவர்கள் அந்தப் பல்லாலேயே என்னைக் கடித்துக் குதறிவிடுவார்கள்.

எண் இல்லாமல் ஒரு துண்டுச் சீட்டுகூட எழுதக் கூடாது என்று அவர் ரயில் ஏறும்போது சத்தியம் வாங்கியிருந்தேன். அதில் மட்டும் மனிதர் தவறியதில்லை.

பதினைந்தாம் கடிதத்தில், எங்களை வேறு இடத்துக்கு அனுப்பப் போகிறார்கள், கிறிஸ்துமஸுக்கு லீவு உண்டா இல்லையா என்று அடுத்த கடிதத்தில் சொல்கிறேன் என்று எழுதியிருந்தார்.

அடுத்தது பதினாறு. அதுதான் வரவில்லை.

பதினேழில், காலுறை காயவே மாட்டேன் என்கிறதாம். அதைப் பற்றி எட்டு வரி. சமையல்காரரின் குறட்டையைப் பற்றி ஐந்து வரி. லீவைப் பற்றி மூச்சு விடவில்லை. கடைசியில் மட்டும், 'பதினாறு வரவில்லையே என்று தேடி அலையாதே' என்று ஒரு வரி.

படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடிதம் தொலைந்தது தெரிந்தால், அதில் இருந்ததை இதில் ஒரு வரி எழுதினால் கை ஒடிந்துவிடுமா? வருகிறேன், இல்லாவிட்டால் வரவில்லை. அவ்வளவுதானே? காலுறைக்கு இருக்கிற மரியாதை பெண்டாட்டிக்கு இல்லை.

கிறிஸ்துமஸ் மரத்தின் உச்சியில் நட்சத்திரத்தை அப்பாதான் வைக்க வேண்டும் என்று மகள் அடம்பிடிக்கிறாள். மாமியார் ஒன்றும் கேட்கவில்லை. மகனுடைய போர்வையைத் துவைத்து மடித்து வைத்துவிட்டார். அது கேட்பதைவிட மோசம். இரண்டு பேருக்கும் நான் என்ன பதில் சொல்ல?

ஆகவே புகார். மூன்று பிரதி எழுதிக் கொடுத்தேன். 'கடிதம் எப்போது தேவை' என்று கேட்டிருந்த இடத்தில் 'உடனே' என்று எழுதி, அதற்கு இரண்டு அடிக்கோடு வேறு.

பெரியவர் ஆற அமர முத்திரை குத்தினார். பதிவேட்டில் ஏற்றினார். அதற்குப் பிறகு ஆதாரம் கேட்டார். பதினேழை எடுத்து நீட்டினேன்.

காலுறை, குறட்டை எல்லாவற்றையும் ஒரு எழுத்து விடாமல் படித்தார். என் பின்னால் நின்ற பெண் உச்சுக் கொட்டினாள். கடைசி வரியை மட்டும் இன்னொரு தடவை படித்தார். பதினைந்தும் கையில் இருக்கிறதா என்று கேட்டு வாங்கிப் பார்த்தார்.

பிறகு எழுந்து, கவுண்டரைச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்தார். எப்போதும் ஊருக்கே கேட்கப் பேசுகிறவர், எனக்கு மட்டும் கேட்கும்படி பேசினார்.

"சண்டை நடக்கிற இடத்துக்கு அனுப்புறதுக்கு முந்தி, வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதி பட்டாள ஆபீஸ்ல கொடுத்துட்டுப் போகச் சொல்லுவாங்கம்மா. நானே ரெண்டு தடவை எழுதிக் கொடுத்திருக்கேன். ஆள் திரும்பி வந்துட்டா கிழிச்சுப் போட்டுடலாம்."

திரும்பி வராவிட்டால்தான் அதைத் தபாலில் சேர்ப்பார்கள். அதை அவர் சொல்லவில்லை.

அந்தக் கடிதத்துக்கும் பதினாறு என்று எண் போட்டிருக்கிறார், பாவி மனுஷன். நான் வாங்கிய சத்தியம்.

புகாரைத் திருப்பிக் கொடுங்கள் என்று கையை நீட்டினேன். முடியாதாம். பதிவாகிவிட்டதாம். திரும்பப் பெறுவதற்கு இன்னொரு படிவம் இருக்கிறதாம். சொல்லும்போது பெரியவருக்கே வெட்கமாக இருந்தது. எனக்கு அழுகைகூட வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

கவுண்டரில் கட்டி வைத்திருந்த பேனா எழுதவில்லை. உச்சுக் கொட்டிய பெண் தன் பேனாவைக் கொடுத்தாள்.

படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது.

'கடிதம் இருக்குமிடம் தெரிந்துவிட்டது. அங்கேயே இருக்கட்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.